எந்தத் தரைக்கு இந்த ஷூ?

ஸ்போர்ட்ஸ் ஷூன்னு ஒரு ஷூ கிடையாதுங்க.

ஓடுற ஷூ இருக்கு. ஷட்டில் ஷூ இருக்கு. ஃபுட்பால் ஷூ இருக்கு, அதுலயும் புல்லுக்கு ஒண்ணு, டர்ஃபுக்கு ஒண்ணு. வெயிட் தூக்குறவங்களுக்குத் தனி, ஈட்டி எறியறவங்களுக்குத் தனி. ஆனா நம்ம ஊர் செருப்புக் கடையில போய் நின்னா ஒரே ஒரு அலமாரி, மேல 'ஸ்போர்ட்ஸ்'னு ஒரு போர்டு. சைஸ் என்ன, கலர் என்ன, பட்ஜெட் என்ன? கேள்வி அதோட முடிஞ்சுது. என்ன விளையாடப் போறீங்க, எங்க விளையாடப் போறீங்கன்னு யாரும் கேக்கறதே இல்ல.

இப்ப எதுக்கு இவ்ளோ கோவம்னா, எங்க அண்ணன் பொண்ணு. ஒன்பதாவது படிக்கிறா. ஷட்டில் கோச்சிங் சேர்த்துவிட்டாங்க. அண்ணியும் அவளும் கடைக்குப் போய் "ஷட்டில் விளையாட ஷூ வேணும்"னு தெளிவாத்தான் கேட்டிருக்காங்க. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது நல்லா உப்பலா, குதிகால்ல ரெண்டு விரல் உசரத்துக்கு நுரை வச்ச ரன்னிங் ஷூ. "இதுதான் மேடம் இப்ப ஓடிட்டு இருக்கு"ன்னாராம். விலையும் ஒண்ணும் கம்மி இல்ல. கோர்ட்ல ஓரத்துக்கு வந்த ஒரு ஷாட்டை எடுக்கப் பாய்ஞ்சிருக்கா, கணுக்கால் மடங்கிருச்சு. நல்ல வேளை, எலும்புக்கு ஒண்ணும் ஆகல. க்ரேப் பேண்டேஜ் சுத்தின காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு, "அத்தை, நான் ஷட்டிலுக்கு லாயக்கில்லையா?"ன்னு கேக்கறா.

அந்தக் கேள்வி தான் என்னை இவ்ளோ நீளமா எழுத வைக்குது.

ஓட்டத்துல கால் போற திசை ஒண்ணே ஒண்ணு. முன்னாடி. பெரும்பாலானவங்களுக்குக் குதிகால் முதல்ல தரையில படும், பாதம் உருளும், விரல் தள்ளும். திரும்பத் திரும்ப இதே தான், ஆயிரக்கணக்குல. அந்த அடியைத் தாங்கத்தான் நுரையை உசரமா அடுக்கறாங்க. முன்பாதத்தை விடக் குதிகால் 8, 10 மி.மீ. உசரமா இருக்கறது ரன்னிங் ஷூல ரொம்ப சகஜம். 2017ல நைக்கி உள்ள கார்பன் தகடு வச்ச வேப்பர்ஃப்ளையை இறக்கினப்புறம் இந்த நுரைப் போட்டி எங்கயோ போயிருச்சு. கடைசில 2020ல உலகத் தடகள அமைப்பே தலையிட்டு, ரோட்டுல ஓடுற ஷூவோட அடிப்பாகம் 40 மி.மீ. தாண்டக்கூடாது, உள்ள ஒரு தகடுக்கு மேல வைக்கக்கூடாதுன்னு விதி போட வேண்டியதாச்சு.

நேரா ஓடறவங்களுக்கு அந்த நுரை வரப்பிரசாதம். அதே நுரையோட பக்கவாட்டுல பாய்ஞ்சா? பஞ்சு மெத்தை மேல நின்னுக்கிட்டுச் சடார்னு திரும்பற மாதிரி. மெத்தை ஒரு பக்கம் அமுங்கும், கால் இன்னொரு பக்கம் போகும். கணுக்கால் தரையில இருந்து எவ்ளோ உசரத்துல நிக்குதோ, மடங்கறப்ப அவ்ளோ வேகமா மடங்கும்.

(வெறும் காலே போதும், ஷூவே வேண்டாம்னு ஒரு கட்சி இருக்கு. அவங்க உடனே அபேபே பிக்கிலாவைக் கூட்டிட்டு வருவாங்க. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்கால்ல ஓடி ஜெயிச்ச எத்தியோப்பியர். உண்மைதான், கும்பிட வேண்டிய கால். ஆனா அதே மனுஷன் 1964 டோக்கியோல ஷூ போட்டுக்கிட்டு ஓடி, ரோம்ல எடுத்த நேரத்தை விட 3 நிமிஷம் குறைச்சு மறுபடி தங்கம் வாங்கினார். அதை ஏனோ சொல்ல மாட்டாங்க.)

சரி, ஷட்டில் ஷூவுக்கு வருவோம். அதைக் கையில எடுத்துத் திருப்பிப் பாருங்க. அடியில தேன் கலர்ல ரப்பர் இருக்கும். கம் ரப்பர்னு சொல்வாங்க. மரத்தரையிலயும் சிந்தெட்டிக் மேட்லயும் அது கவ்விப் பிடிக்கும், கோடு விழாது. நுரை குறைவு. பாதம் தரைக்குப் பக்கத்துல உக்காரும். சுண்டுவிரல் பக்கத்து ஓரம் லேசா வளைஞ்சு மேல ஏறியிருக்கும், பக்கவாட்டுல சாயறப்ப விளிம்பு குத்தாம இருக்க.

இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. வலது கையில ஆடறவங்களோட பழைய ஷூவைக் கேட்டு வாங்கிப் பாருங்க. இடது ஷூல, கட்டைவிரல் பக்கத்து உள்ஓரம் தான் முதல்ல தேய்ஞ்சு போயிருக்கும். நெட் பக்கத்துல வலது காலை நீட்டிப் பாயறப்ப, பின்னாடி இருக்குற இடது கால் தரையை உரசிக்கிட்டே வரும். அதனாலதான் நல்ல ஷட்டில் ஷூல அந்த இடத்துக்கு மட்டும் கெட்டியா ஒரு பட்டை வச்சிருப்பாங்க. ரன்னிங் ஷூல அந்த இடத்துல மெல்லிசா வலைத்துணி தான் இருக்கும். கோர்ட்ல கொஞ்ச நாள்ல கிழிஞ்சிரும்.

ஷட்டில் ஷூவைப் போட்டுக்கிட்டு ரோட்டுல நடந்து கோர்ட்டுக்கு வராதீங்க, ப்ளீஸ். தூசி ஏறினா ரப்பரோட பிடிப்பு போச்சு. பையில கொண்டு வந்து கோர்ட் வாசல்ல மாட்டிக்கணும்.

டென்னிஸ்ல இன்னும் நுணுக்கம். ஒரே ஆட்டம், தரை மாறினா அடிப்பாகம் மாறும். ஃப்ரெஞ்ச் ஓப்பன் செம்மண் கோர்ட்டுக்கு நெளிநெளியா வரி ஓடுற அடிப்பாகம், மண் அப்பிக்காம உதிரணும்ல. விம்பிள்டன் புல்லுக்குக் குட்டிக் குட்டி ரப்பர் மொட்டுங்க. சிமெண்ட் கோர்ட்டுக்குச் சீக்கிரம் தேயாத கெட்டி ரப்பர்.

அடுத்து டர்ஃப். இதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா இப்ப ஊருக்கு ஊர் டர்ஃப் வந்தாச்சு. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி லைட் போட்டுக்கிட்டு பசங்க ஆடறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா காலைப் பாத்தா பக்குங்குது. பாதிப் பேர் ரன்னிங் ஷூ, மீதிப் பேர் புல் தரைக்கான நீள ஸ்டட் (அடியில நீட்டிக்கிட்டு நிக்கிற குமிழ்) வச்ச ஷூ. அந்த நீள ஸ்டட் மண்ணுக்குள்ள இறங்கறதுக்காகச் செஞ்சது. செயற்கைப் புல்லுல அது மாட்டிக்கும். பாதம் அங்கயே நிக்கும், உடம்பு திரும்பிரும், நடுவுல மாட்டறது முட்டி. டர்ஃபுக்குன்னே குட்டை ரப்பர் குமிழ் நிறைய வச்ச ஷூ இருக்கு. முட்டிக்குள்ள இருக்குற ஏசிஎல் தசைநார் போச்சுன்னா ஆபரேஷன், அப்புறம் மாசக்கணக்குல பிசியோ. தம்பிங்களா, கேட்டு வாங்குங்க.

ஸ்டட்டோட மகிமைக்கு 1954 உலகக் கோப்பை ஃபைனலை விட நல்ல சாட்சி இல்ல. சுவிட்சர்லாந்து பெர்ன் நகரம், மழை, சொதசொதன்னு தரை. எதிர்ல ஹங்கேரி. லீக்ல மேற்கு ஜெர்மனியை 8-3ன்னு நசுக்கின அணி. ஃபைனல்லயும் 8 நிமிஷத்துக்குள்ள 2-0. அந்த ஜெர்மனி தான் 3-2ன்னு ஜெயிச்சுது. அவங்க ஷூவுல ஸ்டட்டைத் திருகிக் கழட்டி மாட்டலாம். அடிடாஸை ஆரம்பிச்ச அடி டாஸ்லர் டீம் கூடவே இருந்தார், ஈரத்தரைக்கு நீள ஸ்டட் மாட்டி அனுப்பினார். ஷூ மட்டுமே ஜெயிச்சுக் கொடுத்துருச்சுன்னு சொல்ல மாட்டேன். வழுக்காம நின்னாதானே ஆட முடியும்?

நம்ம பக்கத்துக் கதை இதுக்கு நேர் எதிர். 1948 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம ஆட்கள் பெரும்பாலும் வெறுங்கால்ல ஆடி, ஃப்ரான்ஸ் கிட்ட 2-1ன்னு நூலிழையில தோத்தாங்க. ஊரே மெச்சுச்சு. அடுத்த ஒலிம்பிக், 1952, ஹெல்சிங்கி. குளிரு, ஈரம். யூகோஸ்லாவியா கிட்ட 10-1. அதுக்கப்புறம் தான் நம்ம ஃபுட்பால்ல பூட்ஸ் கட்டாயமாச்சு. நாலு வருஷத்துல கால் மாறலையே, தரை தானே மாறுச்சு.

ஜிம்முக்குப் போறவங்களுக்கு ஒரே ஒரு வரி: ஸ்குவாட் பண்றப்ப மெத்து மெத்துன்னு இருக்குற ஷூ ஆகாது. பளுதூக்கறவங்க ஷூல குதிகால் உசரமா, ஆனா கல்லு மாதிரி அமுங்காம இருக்கும். அது இல்லன்னா தட்டையான ஷூ போதும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒருத்தரைப் பத்தி. ஸ்வப்னா பர்மன். மேற்கு வங்கம் ஜல்பைகுரிப் பொண்ணு. அப்பா ரிக்‌ஷா ஓட்டினவர். ரெண்டு கால்லயும் ஆறாறு விரல். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல, பல் வலிக்குத் தாடையில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு ஹெப்டத்லான்ல தங்கம் வாங்கினாங்க. ஆசிய விளையாட்டுல அந்தப் போட்டியில இந்தியாவுக்கு அதான் முதல் தங்கம்.

ஹெப்டத்லான்னா ஏழு போட்டி, ரெண்டே நாள்ல. ஏழுக்கும் காலோட வேலை வேற. தடை ஓட்டத்துக்கும் 200 மீட்டருக்கும் முன்பாதத்துல மட்டும் ஆணி, விறைப்பான அடித்தகடு, குதிகால்ல ஒண்ணுமே இருக்காது. ஏன்னா குதிகால் தரையைத் தொடறதே அபூர்வம். உயரம் தாண்டறதுக்குக் குதிகால்லயும் ஆணி வேணும், வளைஞ்சு ஓடி வந்து கடைசி அடியைக் குதிகால்ல ஊன்றித்தான் எழும்பணும். ஈட்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆணி, கணுக்காலைச் சுத்திப் பிடிப்பு, அவ்ளோ வேகத்தைக் கடைசி அடியில நிறுத்தணும்ல. குண்டு எறியறதுக்கு ஆணியே கூடாது, சிமெண்ட் வட்டத்துல வழுக்கி நகரணும். நீளம் தாண்டறதுக்கு ஒண்ணு, 800 மீட்டருக்கு ஒண்ணு. ஆணிக்கு அளவு கூட விதியில இருக்கு: சிந்தெட்டிக் ட்ராக்ல 9 மி.மீ., உயரம் தாண்டலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12.

இவ்வளவும் அஞ்சு விரல் காலுக்குச் செஞ்சது. அதுக்குள்ள ஆறு விரலைத் திணிச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு ஓடியிருக்கா, தாண்டியிருக்கா, வலியைத் தாங்கியிருக்கா. மெடல் வாங்கினதும், என் காலுக்கு ஏத்த ஷூ கிடைக்குமான்னு தான் கேட்டாங்க. அப்புறம் அடிடாஸ் ஜெர்மனியில இருக்குற தன்னோட இடத்துக்கே வரவழைச்சு, காலை அளந்து, தனியாச் செஞ்சு கொடுத்தாங்க. தங்கம் வாங்கினப்புறம் கிடைச்சது. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம்? இதை நினைச்சா இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இவ்ளோ நேரம் விளையாட்டு. இனிமே ஆட்டம்.

எனக்கு பெங்களூர்ல ஒரு தோழி இருக்கா, பாலே கத்துக்கறா. அவ வீட்ல பாயின்ட் ஷூவை முதல் தடவை கையில வாங்கிப் பாத்தேன். வெளிய பட்டு மாதிரி சாட்டின், பீச் கலர். தொட்டா மெத்துன்னு இருக்கும்னு நினைச்சா, நுனி மரக்கட்டை கணக்கா டொக்குன்னுது. உள்ள மரமும் இல்ல, இரும்பும் இல்ல. துணியும் காகிதமும் அடுக்கடுக்கா வச்சுப் பசை போட்டுக் காய வைக்கிறது தான். பழைய முறையில அந்தப் பசையே மாவுப்பசை. ஷூவை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி தைச்சு, அப்புறம் புரட்டுவாங்க. வலது, இடதுன்னு பேதமும் கிடையாது, ரெண்டும் ஒண்ணு.

அந்த நுனிமேல தான் முழு உடம்பும் நிக்குது. ஒத்தக் கால்ல.

லண்டன்ல ஃப்ரீட்னு 1929ல இருந்து இருக்குற ஒரு கம்பெனி. அங்க ஒவ்வொரு கைவினைஞருக்கும் ஒரு முத்திரை, அடியில குத்திருப்பாங்க. மீன், மணி, கிரீடம்னு. ஒரு டான்ஸருக்கு ஒருத்தர் கைவேலை செட் ஆச்சுன்னா காலம் முழுக்க அவர் ஷூ தான் கேப்பாங்க. செஞ்சவர் பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. அந்த முத்திரை தான் தெரியும்.

வாங்கினதும் போட்டு ஆடிற முடியாது. ரிப்பனைத் தானே உக்காந்து தைக்கணும். உள்தகட்டை வளைச்சு வளைச்சுப் பழக்கணும். நுனியில சாட்டினை வெட்டி எடுப்பாங்க, இல்லன்னா வழுக்கும். படிக்கட்டுல ஓங்கி ஓங்கி அடிப்பாங்க, மேடையில டொக் டொக்னு சத்தம் வரக்கூடாதுன்னு. என் தோழி புது ஷூவைச் சுவத்துல அடிக்கிறதைப் பாத்துட்டு அவ பாட்டி பதறிப் போய் ஓடி வந்தாங்களாம். பாட்டிம்மா, அது கோவம் இல்ல, ஆயத்தம். இத்தனையும் பண்ணி, பெரிய நாடகத்துல ஆடற முன்னணி டான்ஸருக்கு ஒரு ஜோடி ஒரே ராத்திரியில செத்துப் போயிரும்.

1832ல பாரிஸ்ல மரி தாக்லியோனி 'லா சில்ஃபீட்' பாலே ஆடினப்ப இந்தக் கெட்டி நுனியே கிடையாது. சாதா சாட்டின் செருப்பு, நுனியில நூல் போட்டு இழைச்சது. அதுல விரல் நுனியில நின்னிருக்காங்க! (அவங்க ஷூவை ரஷ்ய ரசிகர்கள் ஏலம் எடுத்து, சமைச்சுச் சாப்பிட்டாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. நம்ம ஊர் கட்டவுட் பாலாபிஷேகம் எல்லாம் எந்த மூலைக்கு.)

டேப் டான்ஸ் ஷூ முழுக்க வேற. அது வாத்தியம். முன்னாடியும் குதிகால்லயும் அலுமினியத் தகடு, திருகாணி போட்டு முடுக்கிருப்பாங்க. திருகை லேசா தளர்த்தினா ஒரு ஓசை, இறுக்கினா வேற ஓசை. சுருதி சேக்கற வேலை தான் அது. ஸ்பெயின் ஃப்ளமெங்கோ ஷூல குட்டிக் குட்டி ஆணியா நெருக்கமா அடிச்சிருப்பாங்க. நம்ம பரதத்துல சத்தம் கணுக்கால்ல சலங்கையா ஏறி உக்காந்திருக்கு, அங்க பாதத்துக்கு அடியில இறங்கிருச்சு. பால்ரூம் ஷூக்கு அடியில மெல்லிசா ஸ்வேட் தோல். வழுக்கவும் வேணும், பிடிக்கவும் வேணும். தெருவுல ஒரு அடி வச்சாலும் பாழ். அப்பப்ப கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு முடியை எழுப்பி விடணும்.

மைக்கேல் ஜாக்ஸன் ஷூவுக்குப் பேட்டன்ட்டே வாங்கினவர், தெரியுமா? 'ஸ்மூத் க்ரிமினல்'ல உடம்பு விறைப்பா முன்பக்கம் சாயுமே, அதுக்காக. குதிகால்ல ஒரு பிளவு இருக்கும், மேடைக்குள்ள இருந்து ஒரு கொக்கி மேல வரும், ஷூவைத் தள்ளி அதுல மாட்டிக்கணும். 1993ல அமெரிக்கப் பேட்டன்ட் கிடைச்சுது. அந்த ஷூ இருந்தாலும் நம்மளால சாய முடியாது, இடுப்பும் பின்தொடையும் அவ்ளோ வலுவா இருக்கணும்.

ஜும்பா போற அக்காங்களுக்கு, தனியா, அன்போட: ரன்னிங் ஷூ அங்க வேண்டாம். அது தரையைக் கவ்வறதுக்குச் செஞ்சது. நீங்க சுழல்றப்பவும் அது கவ்விக்கிட்டே தான் இருக்கும், திருகு முட்டியில விழும். டான்ஸ் ஸ்னீக்கர்னு இருக்கு, முன்பாதத்துக்கு அடியில வழவழன்னு ஒரு வட்டம், அதுல சுழலலாம். அது கிடைக்கலன்னா அடியில பள்ளம் மேடு கம்மியா இருக்குற தட்டையான ஷூ பாருங்க.

எந்த ஷூ வாங்கினாலும் சாயங்காலமாப் போங்க, நாள் முழுக்க நடந்து கால் லேசா வீங்கியிருக்கும். விளையாடறப்ப போடற அதே சாக்ஸோட போட்டுப் பாருங்க. நுனியையும் குதிகாலையும் பிடிச்சு மடக்கிப் பாருங்க, விரல் மடங்குற இடத்துல தான் ஷூவும் மடங்கணும், நட்டநடுவுல இல்ல. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோல் ஷூ அனுப்புது, செய்யாறு சிப்காட்ல நைக்கி ஷூ தயாராகுது. இப்படிப்பட்ட மாநிலத்துல ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணுக்குச் சரியான ஷூவை எடுத்துக் கொடுக்கக் கடையில ஆள் இல்லைங்கறது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இப்ப நம்ம பரதநாட்டியம். சின்ன வயசுல நானும் கத்துக்கிட்டேன். செருப்பைக் கழட்டிட்டு, தரையைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத் தான் ஆட்டமே. கால் தரையைத் தொடணும்ங்கறது அந்தக் கலையோட உயிர். 1981ல திருச்சிப் பக்கம் பஸ் விபத்துல ஒரு காலை இழந்த டான்ஸர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கிட்டு 1984ல மறுபடி மேடை ஏறினாங்க. அந்த ரப்பர் கால், வெறுங்காலோட நடக்கறதுக்கும் குந்தி உக்காரறதுக்கும் ஏத்த மாதிரி நம்ம மக்களுக்காக யோசிச்சுச் செஞ்சது. வெளிநாட்டுச் செயற்கைக் கால் ஷூவுக்குள்ள இருக்கறதுக்குன்னு செஞ்சதா இருந்தா அந்த ஆட்டம் நடந்திருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா வெறுங்கால்னா, ஷூ பண்ற வேலையை யார் பண்றது? தரை தான் பண்ணணும். தட்டடவுல முழுப் பாதமும் பளார்னு தரையில விழுது, அதுவும் முட்டியை மடக்கின அரைமண்டியில. முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம்னு வேகம் கூடிக்கிட்டே போகும். தரை கொஞ்சமாவது அதிர்வை வாங்கிக்கணும். மரத்தரை வாங்கிக்கும். இன்னிக்குப் பாதி டான்ஸ் கிளாஸ் நடக்கறது அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்ல, இல்லன்னா கான்கிரீட் மேல ஒட்டின டைல்ஸ்ல. அது துளி கூட வாங்கிக்காது. அத்தனையும் குதிகாலுக்கும் கீழ்க்காலுக்கும் முட்டிக்கும் திரும்பி வருது. பத்து வயசுப் பிள்ளைங்க முழங்காலுக்குக் கீழ வலிக்குதுன்னு அழுதா, பயிற்சி பத்தலன்னு சொல்லி இன்னும் நாலு தடவை தட்ட விடறாங்க.

எங்க ஏரியாவுல ஒரு டீச்சர், மாடி ஷெட்ல தான் கிளாஸ் எடுக்கறாங்க. கீழ ரப்பர் துண்டுகளை வரிசையாப் பரப்பி, மேல மரச்சட்டம் போட்டு, அதுமேல தடிமனான ப்ளைவுட் அடிச்சு வச்சிருக்காங்க. விளிம்புல உப்புத்தாள் போட்டு இழைச்சு, ஒரு சிலாம்பு கூட இல்லாம. கார்ப்பெண்டரைப் பக்கத்துல நிக்க வச்சு அவங்களே தட்டித் தட்டிப் பாத்து எங்க அதிகமா அதிருது, எங்க கெட்டியா இருக்குன்னு சொல்லிச் சரி பண்ணாங்களாம்.

பிள்ளைங்களை டான்ஸ்ல சேக்கப் போறீங்கன்னா, ஃபீஸ் எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க. செருப்பைக் கழட்டிட்டு நீங்களே ஓங்கி ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க. டைல்ஸா இருந்தா, டீச்சர் கிட்ட தயங்காம ப்ளைவுட் பத்திப் பேசுங்க. நாலு பெத்தவங்க சேர்ந்து பேசினா செலவையும் பகிர்ந்துக்கலாம்.